பதினொரு வயதின் தீர்ப்பு: பிரித்தானியப் பாடசாலைத் தெரிவும் நான்கு நூல்களும்

1

இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட பிரித்தானியாவின் கல்வி வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் சுற்றறிக்கைகளையுமே சான்றாகக் கொள்வர். அவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளைப் பதினொரு வயதில் பிரித்து, அவரவர் செல்லவேண்டிய வழியை வகுத்துக் கொடுத்தபொழுது அப்பிள்ளைகளின் உள்ளத்திலும் அவர்தம் இல்லங்களிலும் யாது நிகழ்ந்தது என்பதை அறிக்கைகள் கூறா. அதனைக் கூற முயன்ற நூல்களுள் நான்கு இங்கு நோக்கப்படுகின்றன. அவை றிச்சட் ஹொகாட் எழுதிய ‘த யூசஸ் ஒவ் லிற்றறசி’ (1957), மைக்கல் யங் எழுதிய ‘த றைஸ் ஒவ் த மெரிற்றொக்கிறசி’ (1958), பிறயன் ஜக்சனும் டெனிஸ் மாஸ்டனும் இணைந்தெழுதிய ‘எடியுக்கேசன் அன்ட் த வேக்கிங் கிளாஸ்’ (1962), பரி ஹைன்ஸ் எழுதிய ‘எ கெஸ்ட்றல் ஃபோர் எ நேவ்’ (1968) என்பனவாம்.

முதலாவது பண்பாட்டாய்வு, இரண்டாவது அங்கதம், மூன்றாவது சமூகவியல் ஆய்வு, நான்காவது நாவல். வடிவத்தால் வேறுபட்ட இந்நூல்களை ஒருங்கே வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. தெரிவு முறையை எதிர்த்து எழுந்த வாதங்கள் இருவகையின. பரீட்சை பிழையானவர்களைத் தெரிந்தது என்பது ஒன்று. பரீட்சை சரியானவர்களையே தெரிந்திருப்பினும், அவ்வாறு தெரிந்து பிரித்தல் நீதியாகுமா என்பது மற்றொன்று. முதலாவது வாதமே பிரித்தானியாவின் கொள்கையை மாற்றுதற்கு உதவியது. இரண்டாவது வாதம் இன்றுவரை விடை காணாது நிற்கின்றது. அவ்வினாவை இந்நான்கு நூல்களும் எவ்வளவு தூரம் எதிர்கொண்டன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை நிறைவேற்றிய ஆர். ஏ. பட்லரின் பெயராலேயே பெரிதும் அறியப்படுவது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய அச்சட்டம் அரச பாடசாலைகளில் இடைநிலைக் கல்வியை யாவருக்கும் இலவசமாக்கியது. பாடசாலையை விட்டு நீங்கும் வயது 1947இல் பதினைந்தாக உயர்ந்தது. அதற்கு முன்னர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் பதினான்கு வயதுவரை ஆரம்பக் கல்வியோடு அமைந்து தொழிலுக்குச் சென்றவர்களே. இவ்வகையில் நோக்குமிடத்து 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெருஞ் சாதனை என்பதை மறுத்தல் இயலாது.

எனினும் பாடசாலைகள் மூவகைப்பட வேண்டும் என்று அச்சட்டம் எங்கும் விதிக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பிள்ளைகளின் வயது, ஆற்றல், நாட்டம் என்பவற்றிற்கு ஏற்ற கல்வியை வழங்குதல் வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. மூவகைப் பாகுபாடு அதற்கு முந்திய இரு அறிக்கைகளிலிருந்து வந்தது. 1938இல் வெளிவந்த ஸ்பென்ஸ் அறிக்கை, பிள்ளையின் நுண்மதியை இளமையிலேயே அளந்தறியலாம் என்ற உளவியலாளர் கருத்தை ஏற்றுக்கொண்டது. அக்கருத்தின் முதன்மையான ஆதரவாளர் சிறில் பேட். 1943இல் வெளிவந்த நோர்வூட் அறிக்கையோ பிள்ளைகளின் உள்ளங்களையே மூவகையாகக் கண்டது. அறிவை அறிவுக்காகவே நாடுவோர் ஒரு வகை. அதனைத் தொழினுட்பத்திலும் கலையிலும் பயன்படுத்துவோர் இன்னொரு வகை. கருத்துகளை விடக் கண்முன் உள்ள பொருள்களையே எளிதிற் கையாள்வோர் மூன்றாவது வகை. இம்மூன்றற்கும் முறையே கிறமர் பாடசாலை, தொழினுட்பப் பாடசாலை, நவீன இடைநிலைப் பாடசாலை என்பன வகுக்கப்பட்டன. மனிதரைப் பொன், வெள்ளி, வெண்கலம் எனப் பிறப்பிலேயே பிரிந்தோராகக் கூறும் பிளேற்றோவின் பழங்கதை இங்கு புதுவடிவம் பெறுவதைக் காணலாம். நோர்வூட் மாள்பறோ, ஹறோ என்னும் பெருந் தனியார் பாடசாலைகளின் முன்னாள் அதிபர் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

நடைமுறையில் மூன்று இரண்டாயிற்று. தொழினுட்பப் பாடசாலைகள் மிகச் சிலவே நிறுவப்பட்டன. எனவே பதினொரு வயதுப் பரீட்சை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளையைக் கிறமர் பாடசாலைக்கும் எஞ்சியோரை நவீன பாடசாலைக்கும் அனுப்பிற்று. இவ்விகிதமும் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. கிறமர் பாடசாலை இடங்கள் மிகுந்த பகுதியில் சித்தியடையும் பிள்ளை, இடங்கள் குறைந்த அயற்பகுதியில் தோல்வியடையும். சிறுமியர் கூடிய புள்ளிகளைப் பெற்ற இடங்களில் அவர்களுக்கு வேறாக உயர்ந்த வெட்டுப்புள்ளி விதித்த உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகளும் இருந்தன. ஆகவே இயற்கையான ஆற்றலை அளப்பதாகக் கூறிய பரீட்சை உண்மையில் கட்டடங்களின் எண்ணிக்கையையும் அளந்தது எனலாம்.

இதிற் தோல்வி என்பதே இல்லை, ஏற்ற பாடசாலைக்கு அனுப்புதலே உண்டு என அதிகாரிகள் கூறினர். பெற்றோர் அதனை நம்பவில்லை. சித்தியடைந்தால் துவிச்சக்கரவண்டி வாங்கித் தருவதாக வாக்களித்த தந்தையர் அந்நாளில் நாடெங்கும் இருந்தனர். நவீன பாடசாலைக்குத் தெரிவானமைக்காக அவ்வாறு வாக்களித்தார் எவருமிலர். அரசறிக்கைகள் கூறிய சம மதிப்பு என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

1945இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி இவ்வமைப்பை மாற்றாததேன் என்ற வினா இயல்பாகவே எழும். கல்வி அமைச்சராயிருந்த எலன் வில்கின்சன் மான்செஸ்ரர் நகரின் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்து புலமைப்பரிசில்களால் உயர்ந்தவர். அவரைப் போன்றோருக்குக் கிறமர் பாடசாலை ஒடுக்குமுறையின் சின்னமன்று. தாம் ஏறிவந்த ஏணி. ஏணியை இலவசமாக்குவதே சமத்துவம் என அவர்கள் கருதினர். ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவரே ஏறலாம் என்பதும், ஏறாதோர் அனைவரும் கீழே நிற்பர் என்பதும் அக்காலை முதன்மையான வினாக்களாகத் தோன்றவில்லை.

3

ஏறியவரின் துன்பத்தை முதலில் ஆழமாகப் பேசிய நூல் ஹொகாட்டினுடையது. லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெற் பகுதியிற் பெற்றோரை இழந்து பாட்டியின் வீட்டில் வளர்ந்த அவர் 1944ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்திய தலைமுறையினர். எனினும் அவர் தீட்டிய புலமைப்பரிசில் மாணவனின் சித்திரம் 1950களின் வாசகருக்குத் தம் காலத்துப் படமாகவே தோன்றியது. வானொலி ஒலிக்க, ஆடைகள் அழுத்தப்பட, குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் ஒரே அறையின் மூலையில் அவன் பாடம் படிக்கின்றான். தெருவில் விளையாடும் தோழரிடமிருந்து விலகுகின்றான். வெளியிற் செல்லும் ஆடவரைவிட வீட்டுப் பெண்களுக்கே அணுக்கமாகின்றான். பரீட்சைகளில் வெல்லும் கலையைக் கற்ற அவனுக்குப் பரீட்சையற்ற வாழ்க்கையில் என் செய்வது எனத் தெரியவில்லை. பிறந்த வர்க்கத்தினின்றும் நீங்கி, புகுந்த வர்க்கத்தில் ஒன்றாது நிற்கும் அந்நிலையை ஹொகாட் மிகை உணர்ச்சியின்றி வரைகின்றார். தொழிலாளர் வாழ்வின் பழைமையை அவர் ஓரளவு இலட்சியமாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆயினும் உயர்வு என்பது இழப்புமாகும் என்பதை ஆங்கில விமர்சனத்தில் நிலைநிறுத்தியமை அவரின் பெரும்பணி.

ஹொகாட் தன் அனுபவத்திலிருந்து வரைந்ததை ஜக்சனும் மாஸ்டனும் ஆய்வாக விரித்தனர். யோக்சயரின் ஹடேர்ஸ்பீல்ட் நகரை ‘மாபேர்ட்டன்’ என்ற புனைபெயரில் மறைத்து, அங்கு கிறமர் பாடசாலைக் கல்வியை வெற்றியுடன் முடித்த 88 தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளையும், ஒப்புநோக்கும் பொருட்டு மத்தியதர வகுப்பினர் சிலரையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஆசிரியர் இருவரும் அந்நகரில் அவ்வழியே வந்தவர்கள். புள்ளிவிபரங்களை விடச் சிறு விடயங்களிலேயே இந்நூலின் வலிமை தங்கியுள்ளது. பாடத் தெரிவு பற்றி அதிபரிடம் எவ்வாறு வினவுவது என அறியாத பெற்றோர், பல்கலைக்கழகங்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதையே காலங்கடந்து அறியும் இல்லங்கள், பிள்ளையின் பேச்சு மாறுவதைக் கேட்டுப் பெருமையும் அச்சமும் ஒருங்கே அடையும் தாயர் முதலியோர் நம் கண்முன் நிற்கின்றனர். கட்டணம் நீங்கிய பின்னும் தகவல் என்னும் செல்வம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை நூல் ஐயத்திற்கிடமின்றி நிறுவுகின்றது. தொழிலாளர் பிள்ளைகள் எனக் கணிக்கப்பட்டோரிற் பலர் முன்பொருகால் மத்தியதர நிலையிலிருந்து தாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் என்பதும் அவர்கள் கண்ட முக்கியமான உண்மை.

எல்லாவற்றினும் கசப்பானது நூல் இறுதியிற் காணும் முடிவு. அவ்வாறு வென்றோரிற் பெரும்பாலானோர் தம்மை வருத்திய தெரிவு முறையையே ஆதரித்தனர். அவர்களுட் பலர் ஆசிரியராகி அதே பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பயிற்றினர். துன்பப்பட்டுப் பெற்ற வெற்றி, அத்துன்பத்தை நியாயமாக்கிவிடுகின்றது போலும்.

ஆயின் ஹொகாட்டின் நூலுக்கும் இந்நூலுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டும் வென்றவரின் துயரையே பேசுகின்றன. ஐந்தில் ஒருவரின் தனிமை விரிவாக ஆராயப்பட, ஐந்தில் நால்வரின் வாழ்க்கை பின்னணியில் மங்கிய உருவமாகவே நிற்கின்றது. தெரு முனையில் விடப்பட்ட அத்தோழர்கள் பின்னர் எங்கு சென்றனர்?

4

மைக்கல் யங் இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டார். தொழிற்கட்சியின் 1945ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தை வரைந்தவர் அவரே. பின்னாளில் திறந்த பல்கலைக்கழகத்தின் தோற்றத்திற்குக் காலாயிருந்தோருள் ஒருவர். ஜக்சன், மாஸ்டன் ஆய்வினை வெளிக்கொணர்ந்த சமுதாய ஆய்வு நிறுவகத்தை நிறுவியவரும் அவரே. அவரது நூல் 2034இல் எழுதப்பட்டதாகப் பாவனை செய்கின்றது. அதனைக் கூறுபவர் அவ்வாட்சியில் மனநிறைவுற்ற ஒரு சமூகவியலாளர். நுண்மதியும் முயற்சியும் சேர்ந்ததே தகுதி என்ற சூத்திரத்தின்படி பிறப்புரிமை ஒழிந்து தகுதியுடையோர் ஆட்சி நிலைபெற்ற வரலாற்றை அவர் பெருமிதத்துடன் விபரிக்கின்றார். ஆங்காங்கே எழும் கிளர்ச்சியை அற்பமெனத் தள்ளுகின்றார். பீற்றலூவில் நிகழ்ந்த கலகத்தில் அவர் கொல்லப்பட்டார் என்ற பதிப்பாளர் குறிப்போடு நூல் முடிகின்றது.

யங்கின் கூர்மையான கண்டுபிடிப்பு யாதெனில், பரீட்சை பிழைபடுவதை விடச் சரியாக அமைவதே கொடியது என்பதாம். பழைய சமுதாயத்தில் தாழ்ந்தவன் தன் நிலைக்குப் பிறப்பையும் அநீதியையும் காரணங்காட்டி மனந்தேறலாம். உயர்ந்தவனும் தன் உயர்வு தற்செயலானது என்பதை அடிமனத்தில் அறிவான். தகுதி துல்லியமாக அளக்கப்படும் சமுதாயத்திலோ கீழ்நிற்பவனுக்கு ஒதுங்க நிழலில்லை. மேல்நிற்பவனுக்கு அடக்கம் வேண்டியதில்லை. 1950களில் நிகழ்ந்த விவாதம் அளவீட்டின் பிழைகளையே சுற்றிச் சுழன்றது. பயிற்சியால் நுண்மதிச் சோதனைப் புள்ளிகளை உயர்த்தலாம் என பிலிப் வேர்ணன் காட்டினார். பிள்ளைகளுட் பத்தில் ஒருவரளவினர் பொருந்தாத பாடசாலைக்கு அனுப்பப்படுவதாகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவகம் 1957இல் மதிப்பிட்டது. இவற்றைக் கேட்டோர் பரீட்சையைத் திருத்த முனைந்தனர். திருத்தியபின் யாது நிகழும் என வினவியவர் யங்.

எனினும் அந்நூலின் பின்வரலாறு விசித்திரமானது. தொழிற்றுறைச் சமூகவியலாளர் அலன் பொக்ஸ் 1956இல் ஏற்கெனவே கையாண்ட ‘மெரிற்றொக்கிறசி’ என்னும் சொல் யங்கினாலேயே பரவியது. ஆனால் பழிச்சொல்லாகப் படைக்கப்பட்டது புகழ்ச்சொல்லாயிற்று. அதனை இலட்சியமாகக் கூறிய பிரதமர் ரொனி பிளேயர் அச்சொல்லைக் கைவிட வேண்டுமென 2001இல், தமது மரணத்திற்குச் சில மாதங்களுக்கு முன், யங் பத்திரிகையில் எழுத நேர்ந்தது. வாசகர் கவனமின்றி வாசித்தனர் என்று மட்டும் கூறி இதனைத் தள்ளிவிடலாகாது. நூலின் வடிவிலேயே காரணமுண்டு என்பது எமது கருத்து. கதைகூறியின் குரல் தவிர வேறு குரல் அங்கு கேட்பதில்லை. தோற்றோர் அந்நூலில் ஒரு வகுப்பு, ஒரு முகமன்று. அவர்களுக்காகக் கிளர்ந்தெழும் தலைவியர்கூட உயர்குழாத்திற் பிறந்த பெண்களே. வருந்தும் ஒரு மனிதனை நம்முன் நிறுத்தாத அங்கதம் அறிவைத் தைக்கும், நெஞ்சைத் தையாது. அதனால் வாதம் மறந்துபோகச் சொல் மட்டும் எஞ்சியது.

5

அம்முகத்தைத் தந்தவர் பரி ஹைன்ஸ். யோக்சயரின் பாண்ஸ்லிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த இவர் கிறமர் பாடசாலைக்குச் சென்றவர். இவருடைய தம்பி றிச்சட் பதினொரு வயதுப் பரீட்சையிற் தோற்று நவீன பாடசாலைக்குச் சென்றவர். வல்லூற்றினத்துச் சிறு பறவையாகிய கெஸ்ட்றலைப் பிடித்துப் பழக்கியவரும் அவரே. ஒரே வீட்டில் இரு தீர்ப்புகள். வென்ற தமையன் தோற்ற தம்பியின் அனுபவத்திலிருந்து நாவலைப் படைத்தான் என்னும் செய்தியே ஒரு விமர்சனமாக அமைகின்றது.

நாவலின் தலைப்பு பதினைந்தாம் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. பேரரசனுக்கு இன்ன பறவை, பிரபுவுக்கு இன்ன பறவை எனத் தரந்தரமாக வகுக்கும் அப்பட்டியலில் இழிந்தோனுக்குரியது கெஸ்ட்றல். நோர்வூட் அறிக்கையின் மூவகை உள்ளங்களையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்து நோக்கின் ஹைன்சின் அங்கதம் புலப்படும். நவீன இடைநிலைப் பாடசாலையின் இறுதி வகுப்பு மாணவனாகிய பில்லி காஸ்பரை அவனது சமுதாயம் அத்தகைய ஒரு பட்டியலிலேயே வைத்துள்ளது. தொழில் ஆலோசகர் அவனிடம் சில நிமிடங்கள் பேசுகின்றார். அவருக்குத் தெரிந்த பெட்டிகளுள் எதனுள்ளும் அவன் அடங்குகிறானில்லை. சுரங்கத்திற்குச் செல்லேன் என்பது ஒன்றே அவனுக்குத் தெளிவு. உறுப்பினன் அல்லாதபடியால் நூலகம் அவனுக்கு நூல் தர மறுக்கின்றது; பறவை வளர்ப்புப் பற்றிய நூலை அவன் கடையிற் களவாடிக் கற்கின்றான். பாடசாலை தர முடியாத கல்வியை அவன் திருடியே பெறவேண்டியிருக்கின்றது.

இரு காட்சிகள் ஊன்றி நோக்கத்தக்கன. ஆங்கில ஆசிரியர் பாதிங்கின் வகுப்பில் பில்லி தன் பறவையைப் பற்றிப் பேசுகின்றான். அத்துறைக்கே உரிய சொற்கள் அவன் வாயிலிருந்து தடையின்றி வருகின்றன. ஆசிரியரும் மாணவரும் கேட்போராகின்றனர். எழுத்துப் பிழைகள் மலிந்த அவனுடைய கட்டுரையோ மற்றொரு காட்சி. நம்பமுடியாத புனைகதை ஒன்று எழுதுமாறு பணிக்கப்பட்டபோது அவன் எழுதுவது வெளிச்சமும் கம்பளமும் உள்ள வீட்டையும், திரும்பிவந்த தந்தையையும், வேலைக்குச் செல்லாது வீட்டிலிருக்கும் தாயையும்பற்றியே. மத்தியதர வகுப்புப் பிள்ளையின் அன்றாட உண்மை அவனுக்குப் பெருங் கற்பனை. பதினொரு வயதிற் கேட்கப்படும் மொழி, எண், நுண்மதி வினாக்கள் எவ்வீட்டிலிருந்து எழுந்தவை என்பதை ஆய்வாளர் பலர் அட்டவணைகளாற் கூறியதை ஹைன்ஸ் ஒரு கட்டுரைத் தாளிற் காட்டிவிடுகின்றார்.

இந்நாவலிடத்தும் ஒரு வினா எழுப்பப்பட வேண்டும். பில்லிக்கு நாம் செவிசாய்ப்பது அவனிடம் கெஸ்ட்றல் இருப்பதனாலன்றோ? பரீட்சை காணத் தவறிய ஓர் அரிய திறன் அவனிடம் உண்டு. ஆகவே அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று வாசகன் எளிதில் முடிவு செய்துவிடலாம். அம்முடிவு, அளவீடு பிழைத்தது என்னும் பழைய வாதத்திற்கே நம்மை மீளக் கொண்டுசெல்லும். பறவையற்ற பில்லியர் எத்தனையோ பேர் அவ்வகுப்பில் அமர்ந்திருந்தனர். காரணமின்றிப் பிரம்படி வாங்கும் சிறுவன் ஒருவன் நாவலில் வருகின்றான். வேறொரு செய்தி சொல்ல அதிபரின் அறைக்கு வந்தவன் அவன். அவனுக்குத் திறன் உண்டா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாமலே அவனுக்காக நாம் வெகுளுகின்றோம். யங்கின் வினாவுக்குரிய உண்மையான விடையை ஹைன்ஸ் அளிப்பது, பறவையின் அழகிலன்று, பெயரில்லாத அச்சிறுவனிடத்திலேயே என்று கொள்ளல் தகும்.

6

இந்நூல்கள் வெளிவந்த காலத்திலேயே கொள்கையும் மாறலாயிற்று. தெரிவற்ற ஒருங்கிணைந்த பாடசாலைகளை வேல்சின் அங்கிள்சி தீவு 1950களின் முற்பகுதியிலேயே ஏற்றது. இலண்டனின் கிட்புறூக் பாடசாலை 1954இல் திறக்கப்பட்டது. 1965இல் அந்தனி குறொஸ்லாண்ட் வெளியிட்ட 10/65ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒருங்கிணைந்த அமைப்புக்கான திட்டங்களைச் சமர்ப்பிக்குமாறு உள்ளூர் அதிகாரசபைகளைக் கேட்டது, கட்டளையிடவில்லை. 1970இல் கல்விச் செயலாளரான மார்கிறற் தச்சர் அதனை மீளப்பெற்றார். எனினும் அவர் காலத்திலும் மாற்றம் நின்றுவிடவில்லை, பெருகியது. தம் பிள்ளைகள் நவீன பாடசாலைக்குச் செல்வதைக் கண்ட மத்தியதரப் பெற்றோரின் அதிருப்தியும் அதற்கொரு காரணம். 1970களின் இறுதியில் அரச இடைநிலை மாணவருட் பெரும்பாலானோர் ஒருங்கிணைந்த பாடசாலைகளிற் பயின்றனர்.

இதற்கிடையே தெரிவின் அறிவியல் அடித்தளமும் தளர்ந்தது. 1971இல் மறைந்த பேட்டின் இரட்டையர் ஆய்வுகளில் நம்பத்தகாத எண்கள் உள்ளமையை லியோன் கமின் 1974இற் காட்டினார். 1979இல் வெளிவந்த ஹேண்சோவின் வாழ்க்கை வரலாறு மோசடிக் குற்றச்சாட்டை ஏற்றது. பேட்டுக்கு ஆதரவான நூல்கள் பின்னர் எழுந்தபோதிலும் அத்தரவுகள் மதிப்பை மீளப் பெறவில்லை. ஹல்சி, ஹீத், றிட்ஜ் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வு, உயர்தொழில் வகுப்புச் சிறுவர் தெரிவுப் பாடசாலைக்குச் செல்லும் வாய்ப்பு தொழிலாளர் வகுப்புச் சிறுவரின் வாய்ப்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டது.

ஆயினும் தெரிவு முற்றாக மறையவில்லை. இங்கிலாந்தில் 163 கிறமர் பாடசாலைகள் இன்றும் உள்ளன. கென்ற், பக்கிங்காம்சயர், லிங்கன்சயர் ஆகிய மாவட்டங்களில் பதினொரு வயதுப் பரீட்சை தொடர்கின்றது. புதிய கிறமர் பாடசாலைகளை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடையை நீக்குவதற்குப் பிரதமர் தெரேசா மே 2016இல் முன்வைத்த யோசனை அடுத்த ஆண்டுத் தேர்தலின் பின் கைவிடப்பட்டது. வட அயர்லாந்தில் அரச பரீட்சை 2008இல் முடிவுற்றபோதும் பாடசாலைகள் தாமே நடத்திய பரீட்சைகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஒருங்கிணைந்த பாடசாலைகள் நிலைத்த இடங்களிலும் நற்பெயர் பெற்ற பாடசாலையின் அயலில் வீட்டு விலை உயர்ந்தது. பரீட்சை செய்த பிரிவினையை வீட்டுச் சந்தை செய்கின்றது. தெரிவு முறையை ஒழித்தலும் தெரியும் மனப்பாங்கை ஒழித்தலும் ஒன்றல்ல என்பதை இவை உணர்த்துகின்றன.

பிழையான பிள்ளையைத் தெரிந்தோம் என்ற குற்றச்சாட்டுக்கு நிருவாகம் விடை கூறலாம். மேலும் நல்ல வினாத்தாளைத் தயாரிக்கலாம். விடப்பட்ட பிள்ளைக்கும் முழுமையான கல்விக்கு உரிமையுண்டு என்ற கூற்றுக்கு வினாத்தாள் விடையாகாது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் நூலகமும் சமமாகப் பங்கிடப்படுவதே விடையாகும். பிரித்தானியாவின் எண்பதாண்டு விவாதத்திலிருந்து பெறப்படும் பாடம் இதுவே என்று கருதுகின்றேன்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் பல்கலைக்கழக அனுமதியின் வெட்டுப்புள்ளியும் நம் நாட்டு மாணவர் நன்கறிந்தவை. இம்மலரை எழுதுவோரும் வாசிப்போரும் தெரிவில் வென்றோரே. ஆகவே ஹொகாட்டை வாசிக்கையில் நம் துயரையும், யங்கை வாசிக்கையில் நம் வாதத்தையும் எளிதிற் கண்டுகொள்வோம். மாபேர்ட்டன் நகரின் வெற்றியாளர் தம்மை ஏற்றிய ஏணியை எவ்வாறு வணங்கினர் என்பதை வாசிக்கும்பொழுது நாம் சற்றுத் தரித்து நிற்றல் நன்று. நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்து, ஒரு பரீட்சையின் பின் காணாமற் போனவர்களின் நூல் இன்னும் எழுதப்படவேண்டியிருக்கின்றது.